ஃபுல் டேங்க்: பெண் பெயரில் காதல் கதை எழுதிய ஓர் ஆண் – நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் என் வீடு. குடும்ப நாவல்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது தொழில். ஒற்று மிகும் மிகாது என்று ஆரம்பித்தது, நாளாவட்டத்தில் "இந்த இடத்தில் இவள் ஏன் அழுகிறாள்?" என்று எழுதியவரையே கேட்கிற உரிமையில் வந்து நிற்கிறது. இங்கே சொல்லப்போவது அப்படி என்னிடம் வந்த ஒருவருடைய விஷயம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயர், புனைபெயர், நாவல்களின் தலைப்பு எதுவும் வராது. ஆளைக் காட்டிக்கொடுக்கிற சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை.

ஆள்

பீன்யாவில் சிஎன்சி எந்திரங்கள் ஓடுகிற ஒரு சின்ன பட்டறையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று அளவு பார்க்கிற கருவிகள். வயது நாற்பத்தாறு. பூர்வீகம் திருப்பத்தூர்ப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஸ்ரீராமபுரம். பள்ளியில் கன்னடம்தான் படித்தார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அம்மா வாங்கிப்போட்ட மாத நாவல்களில்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்குவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பையன் சத்தமாகப் படிக்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று நான்கு பேர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்கள். ரமணிசந்திரன் நாவல்களை இப்படியே டஜன் கணக்கில் வாய்விட்டுப் படித்திருக்கிறார், பன்னிரண்டு வயதில். "எந்த எடத்துல உச் கொட்டுவாங்க, எந்த எடத்துல இன்னொரு தரம் படிடான்னு சொல்லுவாங்க, எல்லாம் தெரியும்கா" என்பார். எழுத்துப் பட்டறைகளில் இப்படி ஒரு பயிற்சியை எங்கே கொடுக்கிறார்கள்?

கதை எழுதுவது கைப்பேசியில், மெட்ரோவில். பீன்யாவில் பச்சை வழித்தடத்தில் ஏறி ஸ்ரீராமபுரத்தில் இறங்குவதற்குள் அரை அத்தியாயம். யஷ்வந்த்பூர் வரும்போது நாயகனும் நாயகியும் சண்டை போட ஆரம்பித்தால், குவெம்பு ரோடு தாண்டுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு யாராவது ஒருவர் அழுதாக வேண்டும்.

பெயர்

முதல் இரண்டு கதைகளை அவர் இணையத்தில் தன் சொந்தப் பெயரில்தான் போட்டார். யாரும் சீண்டவில்லை. "சகோ, நீங்க த்ரில்லர் ட்ரை பண்ணுங்களேன்" என்று ஒரே ஒரு கருத்து. மூன்றாவது கதைக்குப் பெண் பெயர் வைத்தார். பத்தாவது எபியிலேயே (எபி என்றால் அத்தியாயம்) "யூடி எப்போ சிஸ்?", அதாவது அடுத்தது எப்போது வரும், என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நடை அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

இதற்காக அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் இது பழைய வழக்கம். பீன்யாவுக்கு அடுத்த ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஸ். ரங்கராஜன், குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். பக்தி, சரித்திரம் என்றால் ஸ்ரீவேணுகோபாலன். சதையும் சபலமுமான கதை என்றால் அதே மனிதர் புஷ்பா தங்கதுரை. விகடனில் காதல் தொடர் எழுதி இளைஞர்களைக் கிறங்கடித்த ஸ்டெல்லா புரூஸின் இயற்பெயர் ராம் மோகன். இன்னும் பின்னால் போனால், பெண்ணாக நின்று பாடும்போது நம்மாழ்வார் பராங்குச நாயகி, திருமங்கையாழ்வார் பரகால நாயகி.

வெளிநாட்டிலும் உண்டு. சாகசச் சித்திரக் கதைகளால் பெயர்பெற்ற பீட்டர் ஓ'டானல், மேடலின் பிரென்ட் என்ற பெண் பெயரில் எழுதிய நாவலுக்கு 1978இல் பிரிட்டனின் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் விருது கிடைத்தது. அதே விருதின் இறுதிப் பட்டியலில் 1998இல் இடம்பிடித்த எம்மா பிளேர், ஐயன் பிளேர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். பெண் பெயர் இருந்தால்தான் பெண்கள் வாங்குவார்கள் என்பது பதிப்பகத்தாரின் கணக்கு. ஸ்ரீராமபுரத்துக்காரர் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

கையெழுத்துப் பிரதியில் நான் கண்டது

என்னிடம் வந்தது அவருடைய நான்காவது நாவல். முதல் பக்கத்திலேயே நாயகி குளித்துவிட்டு வந்து, ஈரக் கூந்தலை உதறிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, தன் அழகில் தானே மயங்குகிறாள். ஓரத்தில் எழுதினேன்: "8.10 பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். தலை காயவில்லை. டிபன் டப்பாவை இன்னும் மூடவில்லை. மயங்க நேரமேது?"

ஆண்கள் எழுதுகிற காதல் கதையில் அடிக்கடி நான் பார்க்கிற குறை இது. நாயகியை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திச் சுற்றிக் காட்டுவார்கள். இந்த வகைக் கதையில் வாசகிக்கு அவளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குள் உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்க்க வேண்டும். சட்டைக் கையை எதுவரை மடித்திருக்கிறான், சர்வரிடம் எப்படிப் பேசுகிறான், சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டானா மேசையிலேயே விட்டானா, அவள் அம்மா ஃபோனில் இழுத்து இழுத்துப் பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதெல்லாம் அவள் கண் வழியாகத்தான் வர வேண்டும்.

அவருக்குக் குறுந்தொகையின் இருபத்தைந்தாவது பாட்டைச் சொன்னேன். பாடியவர் கபிலர். தலைவி பேசுகிறாள். அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் மாதிரி மெலிந்த பசிய கால்களோடு ஒரு குருகு நின்றது, அவ்வளவுதான் என்கிறாள். ஐந்தே அடி. அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு சொல் கிடையாது. அவள் பார்த்தது மட்டும் இருக்கிறது, பயம் இருக்கிறது. அந்த ஒரே சாட்சியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது! எழுதியவர் ஓர் ஆண்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ இன்ஸ்பெக்‌ஷன் அவ பண்ணணும். நான் பண்ணக் கூடாது" என்றார். நான் அரைமணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்ததைப் பட்டறைப் பாஷையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

முடிவு விஷயத்தில் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதல்தான் கதையின் நடுநாயகம், முடிவு மனம் நிறைந்து நம்பிக்கையோடு இருக்க வேண்டும் என்ற இரண்டையும்தான் அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இலக்கணமாக வைத்திருக்கிறது. நம் ஆண் எழுத்தாளர்கள் பலருக்கு இரண்டாவது ஒத்துவராது. காதலென்று ஆரம்பித்தால் யாரையாவது ரயிலில் ஏற்றி அனுப்புவார்கள், அல்லது புற்றுநோய் கொடுப்பார்கள். பிரிந்தால்தான் இலக்கியம் என்று ஒரு நினைப்பு. இவர் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் அம்மா விடமாட்டார்: "சாவடிக்கறதுக்கா இவ்ளோ நேரம் படிச்ச?"

அவருக்கு எழுத வராமல் போனது மன்னிப்புக் கேட்கிற காட்சி. நாயகன் நாயகியைச் சந்தேகப்பட்டிருப்பான், நாலு பேர் எதிரே அவமானப்படுத்தியிருப்பான். முப்பது எபியாக வாசகிகள் காத்திருப்பது அவன் வாயால் அதைச் சொல்லிக் கேட்கிற இடத்துக்குத்தான். "சீக்கிரம் மன்னிச்சுடாதீங்க சிஸ், இன்னும் அலையவிடுங்க" என்று கருத்துப் பகுதியில் மனு மேல் மனு. இவர் கதையிலோ அவன் "ஸாரிடி" என்பான், அவள் உருகிவிடுவாள். இன்னும் ரெண்டு எபிக்கு நீட்டுங்கள் என்றால், "அதுக்கு மேல என்னக்கா பேசறது?" என்று என்னையே கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நிகழ்வு

அச்சுப் பத்திரிகைக் காலத்தில் வாசகர் கடிதம் பத்திரிகை அலுவலகத்துக்குத்தான் போகும். ஆசிரியர் குழு பிரித்துப் பார்த்து, வெளியிடத் தோதானதை வெளியிடும். எழுதியவர் ஆணா பெண்ணா என்பது வாசகியின் சொந்த வாழ்க்கைக்குள் நுழையாது. யாரும் கதை போடக்கூடிய இணையத் தளமான பிரதிலிபி 2014இல் இதே பெங்களூரில் தொடங்கியது; அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்கள் வந்தன. கதை போடும் தளங்களில், போட்ட நிமிஷமே வாசகர் எழுத்தாளரோடு நேரே பேசலாம் என்ற நிலை வந்தது. (அவர் எழுதுகிற இடம் எது என்பது இங்கே தேவையில்லை. தவறு இடத்துடையதும் இல்லை.)

ஒரு வாசகி அவருக்கு ஒரு வருஷமாகத் தனிச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கதையைப் பற்றி, பிறகு மாமியார், குழந்தை, வேலை. ஒரு நாள் ராத்திரி நீளமாக ஒரு செய்தி. வீட்டில் பெரிய சண்டை. புருஷன் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டார். காலையில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறார். "ஸாரின்னு ஒரு வார்த்தை வாய்ல வராதுக்கா. என் வண்டிக்கு ஃபுல் டேங்க் போட்டு வெச்சிருப்பாரு. அதோட முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். கல்யாணமாகி எட்டு வருஷமா இதேதான்."

இவர் பதில் எழுதினார்: "கவலைப்படாதம்மா, ஆம்பளைங்க அப்படித்தான்."

அந்த வரியைப் பின்னால் அவர் கைப்பேசியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு வாரம் கழித்து மன்னிப்புக் காட்சிக்கான எபியை எழுதினார். சண்டை போட்ட நாயகன், அவள் தூங்கின பிறகு ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய், பங்கில் டேங்க் நிரப்பிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்துகிறான். காலையில் சாவியைத் திருகினால் முள் மேலே ஏறிக்கொண்டே போய் முழு அளவில் நிற்கிறது. அவள் கண் நிறைகிறது. ஒரு வார்த்தை பேச்சில்லை. பிரமாதமான காட்சி என்றுதான் நானும் நினைத்தேன். பிரதியின் ஓரத்தில் "அருமை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. வாசகிகளும் கொண்டாடினார்கள். அதுவரை அவர் எழுதியதில் அதிகம் பேசப்பட்ட எபி அதுதான்.

மறுநாள் அந்த வாசகியிடமிருந்து செய்தி: "அக்கா, முள்ளைப் பாத்து அவ அழுதான்னு எழுதியிருக்கீங்க. நான் அழுதது வேற காரணத்துக்கு. உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்."

அதன்பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

என்ன தவறு

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கையில் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் வாங்கிய அவரைக்காய்ப் பை. காபியைத் தொடவில்லை. "எல்லாருக்கும் புடிச்சிருக்கேக்கா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

கேட்காமல் எடுத்துப் போட்டது தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். எழுதுகிறவர்கள் எல்லோருமே காதில் விழுந்ததை எடுக்கிறவர்கள்தான். பெண் எழுத்தாளர்கள் தங்கள் ஓரகத்திகளை எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆண் என்பதால் புரியவில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. அந்தக் காட்சியை ரசித்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், என்னையும் சேர்த்து. வாயில் வராததைக் கையால் செய்கிற ஆண் நம் கதைகளில் செல்லப்பிள்ளை. ரொம்ப நாளாக அவனை ரசித்துப் பழகிவிட்டோம்.

ஆகவே அவரை வேறு மாதிரி கேட்டேன். அந்தச் செய்தியைப் படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றியது? அவளைப் பற்றியா, அவள் புருஷனைப் பற்றியா?

நிறைய நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நானும் வீட்ல அதான்கா பண்றேன். சண்டை போட்டா அடுத்த நாள் தண்ணி கேனைத் தூக்கி ஸ்டாண்டுல கவுத்து வெச்சிருவேன். அதுலயே அவளுக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சுக்குவேன்."

விஷயம் இங்கேதான் இருந்தது. ஒரு வருஷமாக அந்தப் பெண் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். எபியை எழுதியது புருஷன். அவள் கொடுத்த புகாரில் இவர் தன் பக்கத்து நியாயத்தைக் கண்டுபிடித்து, அதற்கு அவள் கண்ணீரையே சாட்சியாகப் போட்டுவிட்டார். ஆண் பெயரில் எழுதியிருந்தால் இந்தச் செய்தி அவருக்கு வந்தே இருக்காது. கதைக்கு மேலே இருந்த பெண் பெயரை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயரிலேயே உட்கார்ந்து "கவலைப்படாதம்மா" என்று ஆறுதல் சொன்னதுதான் உறுத்துகிறது. புஷ்பா தங்கதுரையின் புஷ்பா அட்டையில் இருந்தாள். இவருடைய பெண் ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் போட்டாள்.

செய்தது

பெயரை விட்டுவிடலாமா என்று யோசித்தார். வேண்டாம் என்றேன். புனைபெயர் இருக்கட்டும், அறிமுகத்தில் "இது புனைபெயர். எழுதுபவர் ஆண்" என்று ஒரு வரி போதும். தனிச்செய்தியை மூடிவிட வேண்டும். பழைய செய்திகளை அழித்துவிட வேண்டும். ஆனால் ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அந்த வாசகிக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதத்தை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து தடவை எழுதினோம். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். அம்மா, மாத நாவல், ஏன் பெண் பெயர் வைக்க நேர்ந்தது, எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார் எல்லாம் இருந்தது. மன்னிப்பு கடைசி வரியில், "மனம் புண்பட்டிருந்தால்" என்ற நிபந்தனையோடு. "இருந்தால்" மேல் கோடு போட்டேன். பிறகு அம்மாவை எடுத்தோம், மாத நாவலை எடுத்தோம். மிஞ்சியது இது:

"நான் ஆண். ஒரு வருஷமா இதை உங்ககிட்ட சொல்லாம அக்காவா பேசினேன். நீங்க நம்பிச் சொன்னதை உங்களைக் கேக்காம கதையில போட்டேன், அதுவும் அர்த்தத்தை மாத்தி. ரெண்டுமே தப்பு. அந்த எபியை எடுத்துட்டேன். உங்க செய்தி எதையும் நான் வெச்சுக்கல. நீங்க பதில் போட வேண்டியதில்ல. மன்னிச்சிருங்க."

அனுப்பினார். படித்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

அறிமுக வரியை மாற்றிய அன்று சில வாசகிகள் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். ஒருவர் காட்டமாகத் திட்டினார்; அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. பலர் மறுநாளே அக்காவைச் சகோ ஆக்கிவிட்டு "யூடி எப்போ?" என்று வந்து நின்றார்கள். "எனக்கு முன்னாடியே டவுட்டு சகோ. உங்க ஹீரோயின் கட்டுற காட்டன் பொடவை மட்டும் சாயங்காலம் வரைக்கும் கசங்கவே கசங்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் திருத்தாமல் விட்டது என் தவறு. அச்சில் போடுவதாகச் சொல்லியிருந்த ஒரு பதிப்பாளர், ஆண் எழுதியது என்று தெரிந்தால் வாடகை நூலகங்கள் எடுக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கதை எழுதுவது அவருக்குத் தெரியும், படிக்க மாட்டார். கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "தண்ணி கேன் தூக்கி வெக்கிறது ஸாரின்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே. கேன் காலி, அதான் மாத்துறீங்கன்னு நெனச்சேன்."

எடுத்த எபியின் இடத்தில் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. டேங்க் நிரப்புவதை விட்டுவிட அவருக்கு மனமில்லை. நான் வேண்டாம் என்றேன், அது அந்தப் பெண்ணுடையது. கடைசியில் தன் வீட்டுத் தண்ணீர் கேனையே எடுத்துக்கொண்டார். நாயகன் கேனைத் தூக்கிக் கவிழ்த்து வைக்கிறான். நாயகி பார்க்கிறாள். அழவில்லை. குடம், குக்கர், காபி டவரா என்று வீட்டிலிருக்கிற பாத்திரங்களையெல்லாம் வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்துவிடுகிறாள். இருபது லிட்டரும் காலி. "இப்ப சொல்லு" என்கிறாள்.

பாத்திரங்களின் கொள்ளளவைக் கூட்டிப் பார்த்து இருபது லிட்டர் வருகிறதா என்று சரிபார்த்துத்தான் அனுப்பினார். குடத்தை ஒன்று அதிகமாக்க வேண்டியிருந்ததாம். நாயகன் அடுத்த இரண்டு எபிக்கும் பேசுகிறான். தடுமாறித்தான் பேசுகிறான், பாதி இடத்தில் நிறுத்துகிறான், அவள் உதவி செய்யவில்லை. அந்த இரண்டும் மெட்ரோவில் எழுதியதில்லை, ராத்திரி அடுக்களையில் உட்கார்ந்து எழுதியது என்றார்.

போன வாரம் அடுத்த நாவலின் முதல் மூன்று அத்தியாயம் வந்தது. நாயகி ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். நாயகன் எந்த மாத்திரையைச் சத்தம் குறைத்துக் கேட்கிறான் என்று கவனிக்கிறாள். நன்றாக இருக்கிறது. இரண்டாவது அத்தியாயத்தின் ஏழாவது பத்தியில் அவள் கடைக் கண்ணாடியில் தற்செயலாகத் தன்னைப் பார்த்து, கன்னத்தில் விழுந்த ஒற்றை முடியை ஒதுக்குகிறாள். சிவப்புக் கோடு போட்டு அனுப்பினேன்.

"பழக்கம்கா" என்று பதில் வந்தது.